சேர்வராயன் மலையடிவாரத்து ஓடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் அடிவாரத்தைத் தாண்டியதும் சின்னச் சின்னப் பாலங்களைக் கடப்பார்கள். கொண்டை ஊசி வளைவை எண்ணுகிற மும்முரத்தில் பாலத்துக்கு அடியில் என்ன போகிறது என்று பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தப் பக்கம் அந்த ஓடைகளைப் பற்றியது. கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி, குரும்பப்பட்டி பக்கம் வீடும் தோட்டமும் வைத்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் நடக்க வருகிறவர்கள், புதிதாக மனை வாங்கியவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது ஓடையா, மழைத்தண்ணீர் போகிற சாக்கடையா?

ஓடைதான். ஊருக்குள் நுழைந்த பிறகு நாம் அதைச் சாக்கடை ஆக்குகிறோம், அது வேறு கதை. இரண்டு கிலோமீட்டர் மேலே நடந்து போனால் அதே தண்ணீரில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.

எங்கிருந்து தொடங்குகிறது?

மேலே போய்ப் பார்த்தால் விரல் வைத்துக் காட்டும்படி ஓர் இடம் கிடைக்காது. சேர்வராயன் மலையின் உச்சி கூராக இருக்காது; மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் நிலம் அது. சேர்வராயன் கோயில் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,620 மீட்டர் உயரம், ஏற்காடு ஊர் அதைவிடச் சற்றுத் தாழ்வு. அந்த மேட்டு நிலத்தின் பள்ளமான மூலைகளில் கோரையும் புல்லும் முளைத்த சொதசொதப்பான இடங்கள் உண்டு. கால் வைத்தால் செருப்பு உள்ளே போய்விடும். அங்கே கசிகிற தண்ணீர் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு கோடாக இறங்கி, பக்கத்துக் கசிவோடு சேர்ந்து, பாறையில் விழத் தொடங்கிய பிறகுதான் அதற்குச் சத்தமே வரும்.

இந்தக் கசிவு மழை நின்ற பிறகும் பல வாரம் நிற்காமல் வருவதற்குக் காரணம் மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிறது. மலை முழுவதும் சார்னோகைட் என்னும் கடினப் பாறை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். பாறைக்குள் தண்ணீர் ஊறாது; விரிசல் இருந்தால் மட்டும் இறங்கும். ஆனால் பாறையின் மேல்பகுதி காலங்காலமாக மழையில் நனைந்து மக்கிப்போய், கையால் உதிர்க்கிற அளவுக்கு இளகிக் கிடக்கிறது. அதற்கும் மேலே சில மேடுகளில் செம்பாறாங்கல்லும் பாக்சைட்டும் மூடியிருக்கின்றன. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் பாக்சைட் வெட்டிக்கொண்டு போனார்கள். துளையும் பொந்துமான இந்த மேல்மூடி மழையை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால்தான் மூடியை வெட்டி எடுத்த இடத்துக்குக் கீழே ஊற்று முன்போல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மலையில் பெய்கிற தண்ணீர் எல்லாம் சேலத்துக்குத்தான் வருகிறதா?

இல்லை. ஏற்காட்டில் ஒரே மழையில் நனைந்த இரண்டு தோட்டங்களின் தண்ணீர் இரண்டு வேறு பேராறுகளுக்குப் போகலாம். கிழக்கு, வடகிழக்குச் சரிவுத் தண்ணீர் வாணியாறாகி, தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் தேங்கி, கடைசியில் தென்பெண்ணையைச் சேர்கிறது. மேற்குச் சரிவுத் தண்ணீர் டேனிஷ்பேட்டை, காடையாம்பட்டி வழியாகச் சரபங்கா நதி. அது ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி என்று சுற்றிக்கொண்டு காவிரிக்குப் போகிறது. தெற்குச் சரிவு நம்முடையது. இதெல்லாம் ஏரி ஏரியாக நிரப்பி, திருமணிமுத்தாற்றில் விழுந்து, சேலம் நகரத்தைக் கிழித்துக்கொண்டு போய், நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது.

நடுவில் இருக்கிற ஏரிகளை விட்டுவிடக் கூடாது. கன்னங்குறிச்சி புது ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிகுதித் தண்ணீர் வெளியே வழிந்தால், மூக்கனேரிக்குத் தண்ணீர். மூக்கனேரி நிரம்பினால் அதற்குக் கீழே. மேல் ஏரியின் கழிவு கீழ் ஏரிக்கு வரவு என்று பழைய காலத்தில் கோத்துவைத்த ஏற்பாடு இது. நடுவில் ஓர் ஓடை அடைபட்டால் கீழே இருக்கிற ஏரிகள் வரிசையாகக் காயும்; அதே ஓடை ஒரு பெருமழையில் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வரும். சேலத்தில் மழைக்காலச் செய்தி பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றுதான்.

மேலே சலசலவென்று ஓடுகிறது, அடிவாரத்துக்கு வந்தால் காணோம். தண்ணீர் எங்கே போகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. "மேலே எஸ்டேட்காரர்கள் மறித்துவிட்டார்கள்" என்பது அடிவாரத்தில் சொல்லும் பதில். சில இடத்தில் அதுவும் உண்டு. ஆனால் யாரும் மறிக்காவிட்டாலும் இந்த ஓடைகள் அடிவாரத்தில் மறையத்தான் செய்யும்.

மலைச்சரிவில் ஓடை பாறைமேல் ஓடுகிறது. உள்ளே இறங்க வழியில்லை, அதனால் முழுத் தண்ணீரும் கண்ணுக்குத் தெரிகிறது. மேலிருந்து அடிவாரம் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், அந்த வேகத்தில் குண்டுக்கல், சரளை, மணல் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. தரை சமமானதும் வேகம் போய்விடும். முதலில் குண்டுக்கல்லைப் போடும், அப்புறம் சரளை, அப்புறம் மணல். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் போட்டுப் போட்டு மலை முடிந்து தரை தொடங்கும் இடத்தில் விசிறி விரித்ததுபோல் ஒரு சரளை மேடு உருவாகியிருக்கிறது. கன்னங்குறிச்சிக்கு மேலே கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள், எத்தனை அடிக்கு உருண்டைக் கல்லாகவே வந்தது என்று சொல்வார்கள். அந்தச் சரளைக்குள் ஓடை இறங்கிவிடுகிறது. தண்ணீர் காணாமல் போகவில்லை. நம் காலுக்குக் கீழே மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஜனவரி மாதம் காய்ந்த ஓடையின் நடுவில், வளைவின் உட்பக்கம் பார்த்து உட்கார்ந்து கையால் மணலை அள்ளிப் பாருங்கள். மேலே நாலு விரல் ஆழம் சூடாக, உதிரியாக இருக்கும். அதற்குக் கீழே நிறம் மாறும், மணல் விரலில் ஒட்டும். ஒரு முழம் போனால், ஓடை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் குழிச்சுவர் முதலில் இடிந்து விழும். அங்கிருந்து கலங்கலாகத் தண்ணீர் ஊறிவரும். பத்து நிமிடம் விட்டால் தெளிந்துவிடும். குழாய் வருவதற்கு முன்பு இந்த ஊற்றுக்குழியில்தான் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்பினார்கள். ஆடு மேய்ப்பவர்கள் இன்றும் தோண்டுகிறார்கள்.

ஓடை என்றால் மேலே தெரிகிற தண்ணீர் மட்டும் என்று நினைப்பதுதான் பல தவறான வேலைகளுக்கு ஆரம்பம். கீழே வருகிற கேள்விகளில் இந்த விஷயம் மறுபடி மறுபடி வரும்.

வருஷத்தில் எத்தனை மாதம் தண்ணீர் ஓடும்?

மேலே, ஊற்றுப் பகுதியில், நல்ல வருஷமாக இருந்தால் பங்குனிவரைகூட ஒரு நூல் தண்ணீர் இருக்கும். அடிவாரத்தில் மழைக்குப் பிறகு சில நாள், தொடர்மழை என்றால் சில வாரம்.

சேலத்துக்கு ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஏற்காட்டில் சுமார் ஒன்றரை மடங்கு. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் ஏறக்குறைய சமமாகப் பங்கு தருகிற ஊர் இது. சென்னைக்காரர்கள் ஐப்பசியை மட்டும் நம்பி இருப்பார்கள். நமக்கு ஆவணியிலேயே இடி மின்னலோடு சாயங்கால மழை தொடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும்தான் ஓடைக்கு முக்கியம். அதற்குள் மண் நனைந்து நிறைந்திருந்தால் நவம்பரில் சின்ன மழைக்கே தண்ணீர் வரும். மண் காய்ந்து கிடந்தால் நாலு சென்டிமீட்டர் கொட்டினாலும் ஓடையில் ஒன்றும் தெரியாது. சித்திரை, வைகாசியின் கோடைமழை வேறு ரகம், ஒரு மணி நேரம் ஆட்டம் காட்டிவிட்டு மறுநாள் காலை ஈரமணலாகக் கிடக்கும்.

இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஓடையில் வெள்ளம் வருமா?

வரும். இந்தக் கேள்விக்கான பதிலை மட்டுமாவது வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

மழைமேகம் மலைமேல் ஏறி அங்கேயே கொட்டிவிட்டுப் போகும். அஸ்தம்பட்டியில் வெயில் அடிக்கும். செங்குத்துச் சரிவு, சின்ன நீர்ப்பிடிப்பு, பாறைத்தரை மூன்றும் சேர்ந்தால் மேலே பெய்த மழை ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரப் பாலத்துக்கு வந்துவிடும். சுவரைப்போல் நுரைத்துக்கொண்டு வரும் என்று சொல்வது சில சமயம் உண்மை. பெரும்பாலும் அதற்கு முன் சின்ன அடையாளங்கள் தெரியும்: தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகும், காய்ந்த இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும், மேலே கல் உருளுகிற சத்தம் கேட்கும். இதில் எது தெரிந்தாலும் துணியை, செல்போனை எடுக்க நிற்காமல் கரை ஏறுங்கள். வந்த வழியே திரும்பி ஓடாதீர்கள், எந்தக் கரை பக்கமோ அந்தக் கரை.

தரைப்பாலத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் வேகமாகப் போனால் ஆளைத் தள்ளிவிடும். பைக்கை அதற்கு முன்பே தள்ளிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்தபோது ஏற்காட்டில் விடாமல் பெய்து, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். அந்தச் சரிவுகளில் பல, சாலைக்குக் குறுக்கே சின்ன ஓடைகள் இறங்குகிற இடங்களை ஒட்டித்தான் நடந்தன. ஓடைக்குப் போதுமான வழி விடாத குழாய்ப்பாலம் அடைபட்டால், தண்ணீர் சாலையின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும்.

உங்கள் ஓடையில் அதிகபட்ச வெள்ளம் எதுவரை வந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமா? கரைப் புதர்களில் சிக்கியிருக்கும் பிளாஸ்டிக் பையின் உயரத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து பிளாஸ்டிக்கால் கிடைக்கிற ஒரே நன்மை இது.

ஓடையில் கிடக்கும் கற்கள் என்னென்ன?

நிதானமாகப் பார்த்தால் அரை நாள் போய்விடும். பழுப்புத் தோல் போர்த்திய கனத்த கல்தான் அதிகம். அதை உடைத்தால் உள்ளே கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு. இதுதான் சார்னோகைட். கருப்பும் வெள்ளையும் வரிவரியாக இருந்தால் நைஸ் பாறை. பால் வெள்ளையாக, கண்ணாடிக் கூர்மையோடு இருந்தால் வெங்கச்சங்கல். மாவுபோல் வெள்ளையாக, உடைத்தால் கோழிமுட்டை ஓடுபோல் வழவழப்பாக இருந்தால் அது மேக்னசைட். நாம் வெள்ளைக்கல் என்கிறோம். செட்டிச்சாவடி, மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களை ரயிலில் போகும்போதே பார்க்கலாம். உருக்காலை உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய இது போகிறது. அந்தப் பக்கம் இறங்குகிற ஓடைகளில் மட்டும்தான் வெள்ளைக்கல் சிதறல் அதிகம் கிடைக்கும்.

தட்டைக்கற்கள் கிடக்கும் விதத்தையும் கவனியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, எல்லாம் ஒரே பக்கம் சரிந்து கிடக்கும். சரிவு தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து இருக்கும், அதாவது மேல்பக்க முனை தாழ்ந்திருக்கும். ஓடை வறண்டு கிடந்தாலும் தண்ணீர் எங்கிருந்து எங்கே போயிற்று என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

மணலில் பளபளவென்று மின்னுகிறதே, தங்கமா?

மைக்கா. விரலில் வைத்துத் தேய்த்தால் தகடு தகடாகப் பிரியும். அதற்குப் பக்கத்தில் கருப்பு மணல் கோடுகோடாகப் படிந்திருந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே காட்டுங்கள். கருந்துகள் மீசைபோல் எழுந்து ஒட்டிக்கொள்ளும். அது மேக்னடைட், இரும்புத் தாது. பாறையிலிருந்து உதிர்ந்து, எடை அதிகம் என்பதால் தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில் தனியாக ஒதுங்குகிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் போதும், தங்கம் மறந்துபோகும்.

தண்ணீரைக் குடிக்கலாமா?

காய்ச்சாமல் கூடாது. மேலே ஊர் இருக்கிறது, விடுதிகள் இருக்கின்றன, மாடும் காட்டெருமையும் இறங்குகின்றன. கால் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் நிற்பதும் நல்லதில்லை, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

இன்னொன்று காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது. பழம் பறித்து, தோல் உரித்து, கழுவுகிற வேலை குளிர்காலத்தில் நடக்கும். ஓடையில் தண்ணீர் குறைகிற காலமும் அதுவே. கழுவிய தண்ணீரில் சர்க்கரைச் சத்து இருக்கிறது. அதைக் குழியில் தேக்கிப் பதப்படுத்தாமல் ஓடையில் விட்டால் அது புளித்து, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். தண்ணீர் பழுப்பாகி, புளிச்ச வாடை அடிக்கும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். ஒழுங்காகத் தொட்டி கட்டி வைத்திருக்கும் தோட்டங்களும் இருக்கின்றன. எல்லோரையும் ஒன்றாகச் சொல்லவில்லை.

அடிவாரக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லையே, ஓடைத் தண்ணீர்தானே ஊறுகிறது?

ஓடைத் தண்ணீர் வரும்போது மென்மையாகத்தான் வரும். மண்ணுக்குள் தங்கும் நாட்களில் சுண்ணாம்பையும், வெள்ளைக்கல் பகுதியாக இருந்தால் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. ஓடையை ஒட்டிய கிணறும் நாலு வயல் தள்ளிய போர்வெல்லும் ஒரே ருசியில் இருக்காது.

கரையில் என்ன மரங்கள்?

மேலே காப்பிக்கு நிழலாகச் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி. அதன் நடுவே ஓடைக்கரையில் மட்டும் நாவலும் அத்தியும் பழைய காட்டின் மிச்சமாக நிற்கும். அடிவாரத்தில் புங்கன், நொச்சி, ஈரம் நிலைக்கிற இடத்தில் நீர்மருது. நீர்மருதின் பட்டை வெளுத்து, வழுவழுவென்று இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். அதன் வேர்கள் கரை மண்ணைப் பின்னிப் பிடித்திருப்பதை வெள்ளத்துக்குப் பிறகு பார்க்க வேண்டும். மரம் இருக்கிற இடத்தில் கரை அப்படியே நிற்கும், இல்லாத இடத்தில் ஒரு வண்டி மண் போயிருக்கும். இன்னும் கீழே எருக்கு, ஆவாரை, அப்புறம் வழக்கம்போல் சீமைக் கருவேலம்.

சீமைக் கருவேலத்தைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்கலாம். எதை வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுப் பிடுங்குங்கள். ஓடை வளைவின் வெளிக்கரையில் வேரோடு பெயர்த்து, மழைக்கு முன் மொட்டையாக விட்டால் கரை இறங்கிவிடும். கோடைமழை முடிந்து ஆடியில் நொச்சிக் குச்சியும் புங்கன் கன்றும் நட்டு, வேர் பிடித்த பிறகு பகுதி பகுதியாக எடுப்பது நல்லது. மேலே உண்ணிச்செடியும் இப்படித்தான்.

மீன் இருக்கிறதா?

இருக்கிறது. மலைப்பகுதிக் குட்டைகளில் விரல் நீள மீன்கள், தண்ணீரின் எதிர்த்திசையில் தலை வைத்து நிற்கும். சில வகை வாயாலேயே கல்லைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டும். அடிவார மணலில் அயிரை. ஏரி நெருங்க நெருங்கக் கெண்டை, குரவை, எங்கும் நிறைந்த ஜிலேபி.

ஓடை காய்ந்தால் இவை எங்கே போகின்றன என்று அடுத்த கேள்வி வரும். பாறை இடுக்கில் ஆழமான மடு ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும். அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கோடையைக் கழித்துவிட்டு, புதுத்தண்ணீர் வந்ததும் மேலும் கீழும் பரவுகின்றன. குரவை காற்றை நேராகச் சுவாசிக்கும், சேற்று ஈரத்திலேயே சமாளிக்கும். அதனால் ஏப்ரல் மாதத்து மடுவில் வலை போடுவதும் மருந்து கலக்குவதும் அந்த ஓடையின் அடுத்த வருஷ மீனையும் சேர்த்துப் பிடிப்பதுதான். ஏரிக்கு வாங்கிய மீன்குஞ்சை மலை ஓடையில் கொண்டுபோய் விடுகிறார்கள் சிலர். அன்போடு செய்கிற கெடுதல்.

வேறு என்ன உயிர்கள்?

வெண்புருவ வாலாட்டி வருஷம் முழுக்க இருக்கும். ஐப்பசி வாக்கில் இமயமலைப் பக்கத்திலிருந்து சாம்பல் வாலாட்டி வந்துவிடும், பாலத்துக்கு அடியில் கல்லுக்குக் கல் தாவி வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். மீன்கொத்தி, மடையான், ஆள்காட்டி எல்லாம் உண்டு. நண்டு வளை, தவளை, தட்டான். தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது, இதற்காகவாவது ஓடைக் குட்டைகளில் மருந்து தெளிக்காமல் இருக்கலாம்.

தண்ணீர்ப்பாம்புக்கு விஷம் இல்லை. கரைப் புல்லில் சாயங்காலம் கண்ணாடிவிரியன் இருக்கலாம், அதற்கு உண்டு. டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். மேலே காட்டெருமை தண்ணீருக்கு இறங்கும் நேரம் விடியலும் அந்தியும். ஒற்றையாக நிற்கிற கிடாவை செல்பிக்கு நெருங்குவது வேண்டாத வேலை.

ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று நாமே அளக்கலாமா?

ஒரு டேப்பும் செல்போன் கடிகாரமும் போதும். ஓடை நேராக, ஏறக்குறைய ஒரே அகலத்தில் போகிற 10 மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே நாலைந்து இடத்தில் குச்சி விட்டு ஆழத்தின் சராசரியை எடுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்றை மேலே போட்டு 10 மீட்டர் போக எத்தனை நொடி என்று பாருங்கள், மூன்று நான்கு முறை. மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் கல்லில் உரசி மெதுவாகவும் போகும் என்பதால் வந்த வேகத்தை 0.8-ஆல் பெருக்குங்கள்.

அகலம் 2 மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர், 20 நொடியில் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 0.5 மீட்டர், திருத்தினால் 0.4. பெருக்கினால் நொடிக்கு 240 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 50 நொடியில் நிரம்பும். தெருவில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு உறைக்கும்.

மழைப் பக்கமிருந்தும் கணக்குப் போடலாம். ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். 200 ஏக்கர் நீர்ப்பிடிப்பில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 4 கோடி லிட்டர். அதில் கால்வாசி ஓடைக்கு வந்தாலும் 1 கோடி. மிச்சம் மண்ணிலும் மரத்திலும் போனது, வீண் அல்ல.

தடுப்பணை கட்டினால் நல்லதா?

இடத்தைப் பொறுத்தது. எல்லா ஓடைக்கும் நூறு மீட்டருக்கு ஒன்று என்று கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடிவாரச் சரளையில், அடியில் தண்ணீர் இறங்க வழி இருக்கிற இடத்தில், மார்பளவுக்கு மேல் போகாத தடுப்பணை நன்றாக வேலை செய்யும். பக்கத்துக் கிணறுகளில் தெரியும். அதையே முழுப்பாறையில் கட்டினால் தண்ணீர் இறங்காது, வெயிலில் ஆவியாகும். கோடையில் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் அப்படியே போய்விடும். சரளையில் கட்டியதும் வருஷாவருஷம் வண்டல் படிந்து அடி மூடிக்கொள்ளும், அதைச் சுரண்டி எடுக்க யாரும் இல்லை என்றால் சில வருஷத்தில் அது ஒரு சேற்றுத்தட்டு. கட்டுகிற அன்று கல்வெட்டு வைப்பதோடு, வண்டல் எடுப்பது யார் பொறுப்பு என்றும் அதே கல்லில் எழுதிவிட்டால் நல்லது.

ஓடையைத் தூர்வாரி, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, தரையும் போட்டுவிட்டால் சுத்தமாக இருக்குமே?

சுத்தமாக இருக்கும், ஓடையாக இருக்காது. மேலே சொன்ன சரளைதான் தண்ணீரை வாங்குகிற வாய். அதில் கான்கிரீட் தரை போட்டால் கிணறுகளுக்குப் போகிற தண்ணீர் நின்றுவிடும், வெள்ளம் இன்னும் வேகமாகக் கீழ்த்தெருவுக்குப் போகும். ஜேசிபி விட்டு வளைவை நேராக்கி, குண்டுக்கல்லை எல்லாம் வாரினாலும் இதே கதைதான், அடுத்த மழையில் இரண்டு கரையும் அரிக்கும்.

எடுக்க வேண்டியது குப்பை, கட்டட இடிபாடு, பாலக்கண்ணில் சிக்கிய மரம். மணலையும் கல்லையும் தொடாமல் இவற்றை மட்டும் ஆடிக்கு முன் எடுத்துவிட்டால் போதும். சுவர் தேவைப்படுகிற இடம் உண்டு, வீட்டு அஸ்திவாரம் ஓடைக்கு மேலேயே நிற்கிற இடங்களில். அந்த வீடு அங்கே வந்தது எப்படி என்பது அடுத்த கேள்வி.

ஓடை யாருக்குச் சொந்தம்? என் பட்டாவுக்குள் ஓடுகிறதே?

கிராம வரைபடத்தில் ஓடைக்குப் பெரும்பாலும் தனிப் புல எண் இருக்கும். கிராமத்து நிலங்களின் விவரம் எழுதிய அ-பதிவேட்டில் பார்த்தால் அரசு புறம்போக்கு, ஓடை என்று எழுதியிருக்கும். இரண்டையும் தமிழக அரசின் இணையச் சேவைப் பக்கத்திலேயே பார்க்கலாம். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா தருவதில்லை. சில சின்னப் பிரிவுகள் பட்டா நிலத்துக்குள் கோடு மட்டும் போட்டுக் காட்டப்பட்டிருக்கும். அங்கேயும் இயற்கையாக வருகிற தண்ணீரை மறித்து மேலே உள்ளவரின் காட்டில் தேக்குவதற்கோ, திருப்பிவிடுவதற்கோ உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

மனை வாங்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். புலப்படத்தில் ஓடையின் அகலம் எத்தனை மீட்டர் என்று பார்த்துவிட்டு, நேரில் போய் டேப் பிடியுங்கள். படத்தில் 12, தரையில் 3 என்றால் மிச்சம் 9 மீட்டர் எங்கே என்று தரகரிடம் கேளுங்கள். வறண்ட மாதத்தில் மனை காட்டுவது சும்மா இல்லை.

புகார் யாரிடம் என்றால்: புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு வட்டாட்சியர். ஏரியாக இருந்தால் பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் உள்ளவை நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமே தனியாக இருக்கிறது. மலைமேல் காப்புக்காட்டுக்குள் வனத்துறை.

வீட்டு வேலைக்கு ரெண்டு மூட்டை மணல் அள்ளலாமா?

கூடாது. அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். நீங்கள் ரெண்டு மூட்டை, அடுத்த வீட்டுக்காரர் ரெண்டு மூட்டை, அதற்குப் பிறகு டிராக்டர் வரும்.

வந்து பார்க்க எது நல்ல காலம்?

மழை நின்று ஒரு வாரம் கழித்து, நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுவரை. தண்ணீர் தெளிந்திருக்கும், வாலாட்டி வந்திருக்கும், வெள்ளம் புதிதாகப் போட்ட மணல்மேட்டில் கீரிப்பிள்ளை, முயல் தடங்கள் அழியாமல் இருக்கும். காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். அதே இடத்தை ஏப்ரலில் ஒருமுறை பார்த்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மடு மிஞ்சுகிறது என்று தெரியும். காப்புக்காட்டு எல்லைக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சாலையோரப் பாலங்களில் நின்று பார்ப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம், வண்டியை மட்டும் வளைவில் நிறுத்தாதீர்கள்.